விட்டெறியும் எண்ணம் உண்டா?

குடைக்காரர் இன்றைக்கும் வந்துவிட்டார். சாலைக்கு அந்தப் பக்கம், பேருந்து நிறுத்தத் தூணில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, வெயிலும் இல்லாத மழையும் இல்லாத வானத்துக்குக் குடையை விரித்துப் பிடித்தபடி சிமெண்ட் கல் பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறை முதலாளி ரசீதுக்காரர் தகர அறையின் ஜன்னலில் ஒட்டியிருந்த அட்டையின் ஓட்டைக்குக் கண்ணைக் கொடுத்தார். நான்கு நாளாக அந்த ஓட்டைதான் அவருக்கு உலகம்.

"பஸ்ஸுக்கு நிக்கிறாரோ என்னமோ," என்றார் பின்னால் நின்ற கலவைக்காரர். பதினோரு வருடமாக அந்தப் பட்டறையில் சிமெண்டையும் மணலையும் சாம்பலையும் கலந்து கலந்து, அவருடைய புருவமே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"மூணு பஸ் போயிடுச்சு. ஏறலை."

"நாலாவதுல ஏறுவாரு."

"நேத்தும் ஏறலை, முந்தாநாளும் ஏறலை. பஸ் ஏறாத மனுஷனுக்கு பஸ் ஸ்டாப்புல என்ன வேலை?"

"நிழலுக்கு ஒதுங்கியிருப்பாரு."

"குடை வெச்சிருக்கிறவனுக்கு நிழல் எதுக்குய்யா?"

அந்த நேரம் பார்த்துக் குடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பென்சில் முனையை நாக்கில் தொட்டு ஒரே ஒரு வரி எழுதினார். ரசீதுக்காரர் சட்டென்று ஜன்னலைவிட்டு விலகினார்.

டீ குடித்தாலும் ரசீது கேட்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஆணி வாங்கினால் ரசீது, ஆணியை அடிக்கச் சுத்தியல் இரவல் வாங்கினால் அதற்கும் ஒரு துண்டுச் சீட்டு. அப்பேர்ப்பட்டவரிடம் ரசீதில்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பட்டறையின் வேலியோரம் வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்த சாம்பல். காகித ஆலையின் கொதிகலனில் எரிந்து மிஞ்சியது. ஆலைக்கு அது தொல்லை, இவருக்கு அது கல். லாரிக்காரர் வாரத்துக்கு இரண்டு நடை கொண்டுவந்து சும்மா கொட்டிவிட்டுப் போவார். சும்மா வருவதற்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

போன வாரம் அதே லாரிக்காரர் சாம்பலோடு ஒரு செய்தியையும் கொட்டிவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணே, சட்டம் மாறிடுச்சாம். சாம்பல் இனிமே கழிவாம். அனுமதி இல்லாம கழிவு வெச்சிருந்தா பட்டறைக்கு சீல் வெச்சிடுவாங்களாம்."

"யாருய்யா சொன்னது?"

"ஆலை வாசல்ல பேசிக்கிட்டாங்க."

அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. ஆனால் 'சீல்' என்ற சொல் ரசீதுக்காரரின் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மாதக் கடைசிக்குள் மருத்துவமனை மதிலுக்கு நாலாயிரம் கல் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் கைமாறும். ஆர்டர் கைமாறினால் பட்டறையைச் சீல் வைக்க யாரும் வரவேண்டியதில்லை, தானாகவே மூடிக்கொள்ளும். இந்த நேரத்தில்தான் இந்தக் குடை வந்து முளைத்தது.

"அதிகாரிதான்," என்றார் ரசீதுக்காரர். "சந்தேகமே இல்லை."

"அதிகாரின்னா ஜீப்புல வருவாரே?"

"ஜீப்புல வந்தா தெரிஞ்சுடும்ல. அதனாலதான் குடையில வர்றாரு."

அன்றைக்கு மத்தியானமே குவியலைத் தார்ப்பாயால் மூடச் சொன்னார். நீலத் தார்ப்பாய். காற்றில் பறக்காமல் ஓரத்தில் சுற்றிலும் கல் வைத்தார்கள்.

குடைக்காரர் மறுநாள் வந்து நீலத்தைப் பார்த்தார். அன்று வரை ஒரு வரி எழுதியவர், அன்று ஒரு பக்கம் எழுதினார்.

"மூடினாத்தானே உள்ள என்ன இருக்குன்னு பாக்கத் தோணும்," என்றாள் மனைவி, சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் நகர்த்தியபடி. "இத்தனை நாள் அது சாம்பலாக் கிடந்துச்சு. இப்ப பொணத்தை மூடி வெச்சமாதிரி இருக்கு."

ரசீதுக்காரர் பதில் சொல்லவில்லை. மனைவி சொல்வது சரியாக இருக்கும்போது பதில் சொல்லாமலிருப்பது அவருடைய வழக்கம். அந்த வழக்கத்தால் அவர்கள் வீட்டில் பெரும்பாலும் அமைதி நிலவியது.

லாரிக்காரர் அடுத்த நடைக்கு வந்தபோது தலையைச் சொறிந்தார். "மூடினது சரிண்ணே. ஆனா மூடி வெச்சா போர்டு வைக்கணுமாம். உள்ள இருக்கிறது என்னன்னு எழுதி."

"என்னன்னு எழுதறது?"

"சாம்பல்னு எழுதுங்க."

"அது எனக்குத் தெரியாதா? கழிவுன்னு எழுதினா, கழிவு வெச்சிருக்கேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தமாதிரி. மூலப்பொருள்னு எழுதினா, யாரு சொன்னா, காட்டு ரசீதுன்னு கேப்பான்."

"அப்ப எழுதாதீங்க."

"போர்டு வைக்கணும்னு இப்பத்தானேய்யா சொன்னே?"

"வைங்க. எழுதாதீங்க."

மறுநாள் காலை குவியலின் முன்னால் வெள்ளை பெயிண்ட் அடித்த பலகை ஒன்று நின்றது. அதில் ஒரு எழுத்து இல்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று அதைப் படித்தார்கள். எழுத்து இருந்தால் இரண்டு நொடியில் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். எழுத்தே இல்லாததால் நெடுநேரம் படித்தார்கள். ஒருவர் இடம் விலைக்கா என்று உள்ளே வந்து கேட்டார். இன்னொருவர் தலைத்துண்டைக் கழற்றிக்கொண்டு, "எப்ப ஆச்சு?" என்று கலவைக்காரரிடம் துக்கம் விசாரித்தார்.

குடைக்காரர் சாலையைக் கடந்து வேலியோரம் வரைக்கும் வந்து, குடையை மடக்கிப் பலகையின் பக்கமாக எட்டிப் பிடித்து உயரம் பார்த்தார்.

இதற்குமேல் பொறுக்க முடியாது என்று ரசீதுக்காரர் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கே போனார். தன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற முடிவோடு போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிராமலே, "என்ன?" என்றார்.

"என் நண்பர் ஒருத்தர் சாம்பல்ல கல் போடறாரு. அவருக்கு ஒரு சந்தேகம்."

குமாஸ்தா நிமிர்ந்தார். "உங்க நண்பர் உங்க சட்டையைத்தான் போட்டுக்குவாரோ? கையெல்லாம் சாம்பலா இருக்கு."

ரசீதுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சாம்பல் கழிவா, பொருளா? அதை மட்டும் சொல்லிடுங்க சார்."

"ஆலையில அது கழிவு. கல்லா ஆயிட்டா அது கல்லு."

"நடுவுல? கொட்டி வெச்சிருக்கும்போது?"

"அது வெச்சிருக்கிறவர் எண்ணத்தைப் பொறுத்தது. விட்டெறியணும்னு நினைச்சா கழிவு. வெச்சுக்கணும்னு நினைச்சா பொருள்."

"மனசுக்குள்ள என்ன நினைக்கிறோம்னு யாருக்கு சார் தெரியும்?"

"அதுக்குத்தானே ஃபாரம் இருக்கு," என்று ஒன்றை எடுத்து நீட்டினார் குமாஸ்தா.

ரசீதுக்காரர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அதைப் படித்தார். ஆறு கேள்விகள் வரைக்கும் சிக்கலில்லை. ஏழாவது: 'மேற்படி சாம்பலை விட்டெறியும் எண்ணம் தங்களுக்கு உண்டா?' இல்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது: 'எப்போதாவது உண்டாயிருந்ததா? ஆம் எனில் நாளைக் குறிப்பிடவும்.'

பேனா நின்றுவிட்டது.

உண்டாயிருந்தது. முதல் வருட மழையில் சாம்பல் கரைந்து தெருவெல்லாம் ஓடி, எதிர்வீட்டுப் பிள்ளை வழுக்கி விழுந்து பல் உடைந்த அன்றைக்கு. துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் நரைத்து, மனைவி மூன்று நாள் பேசாமலிருந்தபோது. அப்புறம், சரியாகச் சொன்னால், நேற்றைக்கும். ஒரு மனிதன் தான் வைத்திருக்கும் ஒன்றை ஒருநாள்கூட விட்டெறிய நினைக்காமல் இருக்க முடியுமா? தகர அறையை நினைத்திருக்கிறார். பழைய சைக்கிளை நினைத்திருக்கிறார். கேட்டால் மனைவியும் அவரைப் பற்றி ஏழாவது கேள்விக்கு என்ன எழுதுவாளோ. பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். ரசீதுகளை நம்பியவருக்குப் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட வரவில்லை. ஃபாரத்தை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அப்போதுதான் மச்சினன் வந்தான். ஆற்றுக்கு அக்கரையில் தெருத்தெருவாகப் போய் மோட்டார் பழுது பார்ப்பவன். சேதி இல்லாமல் வரமாட்டான்.

"மாமா, அக்கரையில என்ன நடக்குதுன்னு தெரியுமா? அங்க இருக்கிற கல் பட்டறையெல்லாம் நீலத் தார்ப்பாய். எல்லாத்துலயும் வெள்ளை போர்டு. ஒரு எழுத்து கிடையாது."

ரசீதுக்காரர் சட்டென்று எழுந்தார். "எல்லாத்துலயுமா?"

"வரிசையா."

"பாத்தியா? அங்கயும் போயிட்டான். ஒவ்வொரு பட்டறையாப் பாத்து, அவங்களையும் இப்படிச் செய்ய வெச்சிருக்கான். அடுத்தது சீல்தான் மாப்ளே."

"அப்ப சாம்பலை எங்க வீட்டுக் கொல்லைக்கு மாத்திடுங்க. ஒரு வாரம் இருக்கட்டும். வந்து பாத்தா இங்க ஒண்ணுமே இருக்காதுல்ல?"

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் டிராக்டரில் ஏற்றினார்கள். அதிகாரிகளுக்கு ஞாயிறு விடுமுறை என்பது ரசீதுக்காரரின் கணக்கு. குடைக்காரருக்கு விடுமுறை இல்லை போலிருந்தது. தூணில் சாய்ந்தபடி, ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோடு போட்டார். பன்னிரண்டு நடை.

பன்னிரண்டாவது நடையோடு மச்சினன் வீட்டுக் கொல்லையில் போய் இறங்கியபோது, மச்சினன் மனைவி இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவள் வளர்த்த ரோஜாச் செடியின் நுனி மட்டும் சாம்பலுக்கு மேலே தெரிந்தது.

"அண்ணே, இது என்ன?"

"கொஞ்ச நாளைக்கு வெச்சிருக்கோம்மா."

"உங்களுக்கு வேணும்னா உங்க வீட்டுல வெச்சுக்குவீங்க. வேண்டாததைத்தானே அடுத்தவங்க கொல்லையில கொண்டாந்து கொட்டுவாங்க?"

ரசீதுக்காரருக்கு ஏழாவது கேள்வி கண்முன்னால் வந்து நின்றது. இத்தனை நாள் எண்ணமாக இருந்தது இன்று செயலாகிவிட்டது. பதினோரு வருடம் பொருளாக இருந்த சாம்பலை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தன் கையாலேயே கழிவாக்கிவிட்டார். அதற்குச் சாட்சியாகப் பன்னிரண்டு கோடு ஒரு நோட்டில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையிலேயே திருப்பி ஏற்றினார்கள். பதினோரு நடைதான் வந்தது. மிச்சத்தை ரோஜாச் செடியிலிருந்து பிரிக்க முடியவில்லை.

"நேத்து நீங்க கொட்டினது குப்பைன்னா," என்றாள் மனைவி யோசனையோடு, "இன்னிக்கு நீங்க அடுத்தவங்க வீட்டுக் குப்பையை அள்ளிட்டு வந்தமாதிரி ஆகலையா?"

அவர் பதில் சொல்லவில்லை.

புதன்கிழமை மச்சினன் மூச்சிரைக்க வந்தான். "மாமா! நேத்து பாலத்து மேல சாம்பல் வண்டி வரிசையாப் போச்சு. அக்கரைப் பட்டறை அத்தனையும் காலி!"

"பறிமுதல்," என்றார் ரசீதுக்காரர். உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா இன்னிக்குத் திரும்பி வருது மாமா."

ரசீதுக்காரர் மேசையில் விரலால் கணக்குப் போட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "எடை போட்டுத் திருப்பி அனுப்பறாங்க. இனிமே ஒரு கைப்பிடி குறைஞ்சாலும் தெரிஞ்சுடும். பெரிய ஏற்பாடா இருக்கு மாப்ளே."

ஒரே வழிதான் மிச்சமிருந்தது. கல்லாகிவிட்டால் அது கல் என்று குமாஸ்தா சொல்லியிருக்கிறார். இருக்கிற சாம்பல் முழுவதையும் கல்லாக்கிவிடுவது. இயந்திரம் ஒன்பது நாள் ஓயவில்லை. கலவைக்காரரின் தலைமுடியும் புருவத்தோடு சேர்ந்துகொண்டது. சாம்பல் மலை கரைந்து கல் மலை எழுந்தது. மருத்துவமனைக்கு வேண்டிய நாலாயிரம் தனியே நின்றது. மீதியை அடுக்க இடமில்லை.

"சுவராக் கட்டிடுங்க," என்றார் ரசீதுக்காரர். "கல்லும் அடங்கும், குடையும் மறையும்."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. வேலி இருந்த இடத்தில் எட்டடிச் சுவர் எழும்பியது. வேலை நடக்க நடக்கக் குடைக்காரர் முதலில் நுனிக்காலில் நின்று பார்த்தார். அப்புறம் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சின்மேல் ஏறிப் பார்த்தார். கடைசியில் சாலையைக் கடந்து வந்து, சுவரின் நீளத்தைக் குடையால் அளந்துகொண்டே போனார். முன்பக்கம் திறந்திருந்தால்தானே அந்தக் கண் உள்ளே வரும்? ரசீதுக்காரர் அதையும் அடைத்து, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கதவு மட்டும் விடச் சொன்னார்.

சுவர் முடிந்த மறுநாள் வெளியே லாரி ஹார்ன் அடித்தது. மருத்துவமனைக்குக் கல் ஏற்ற வந்த லாரி. நெடுநேரம் அடித்தது. பிறகு லாரிக்காரர் சின்னக் கதவு வழியே தலையை மட்டும் நீட்டினார்.

"அண்ணே, வண்டியை எங்க விடறது?"

ரசீதுக்காரர் சுவரைப் பார்த்தார். கலவைக்காரர் ரசீதுக்காரரைப் பார்த்தார்.

"முன்பக்கம் கொஞ்சம் உடைச்சுடலாமா?" என்றார் கலவைக்காரர் கடைசியில்.

"உடைச்சா அது இடிபாடு," என்றார் லாரிக்காரர் வருத்தத்தோடு. "இடிபாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்காம். ஆலை வாசல்ல பேசிக்கிட்டாங்க."

நாலாயிரம் கல்லையும் ஒவ்வொன்றாகக் கதவு வழியே கைமாற்றித் தூக்க மூன்று நாளாகும். மாதக் கடைசிக்கு இருந்தது இரண்டு நாள். மனைவி வந்து சுற்றிலும் பார்த்தாள். "சீல் வைக்க ஆளு வருவாங்க, வருவாங்கன்னு சொன்னீங்க. நீங்களே வெச்சுக்கிட்டீங்க. அதுவும் எட்டடிக்கு."

அப்போது சின்னக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. மடக்கிய குடையின் கைப்பிடியால் தட்டுகிற ஓசை.

ரசீதுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பதினோரு வருட ரசீதுகளையும் மேசைமேல் அடுக்கினார். எழுதாத ஃபாரத்தை எடுத்து மேலே வைத்தார். மனைவியைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போ," என்றார். அவள் போகவில்லை. கலவைக்காரர் கதவைத் திறந்தார்.

குடைக்காரர் குனிந்து உள்ளே வந்தார். பக்கத்தில் பார்த்தால் அவ்வளவு பயங்கரமாக இல்லை. களைத்த முகம். கையில் காய்ப்பு. ரசீதுக்காரர் நாற்காலியைக் காட்டினார். அவர் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஈ ரசீதுகளின் மேல் முழு நீளத்துக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தது.

"தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் குடைக்காரர்.

"நானும் பாத்தேன்," என்றார் ரசீதுக்காரர். "இனிமே ஒளிக்க ஒண்ணுமில்லைங்க. என்ன எழுதியிருக்கீங்களோ படிச்சுடுங்க. ஒண்ணுவிடாம படிங்க."

குடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

"முதல் நாலு நாள்: சும்மா இருக்கிறார். அஞ்சாம் நாள்: தார்ப்பாய். நீலம். ஓரத்துல பதினாலு கல். அப்புறம் பலகை. வெள்ளை. எழுத்து இல்லை. உயரம் ஒண்ணேகால் குடை."

ரசீதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஞாயிறு: சாம்பல் வெளியே, பன்னிரண்டு நடை. திங்கள்: சாம்பல் உள்ளே, பதினோரு நடை. ஒரு நடை குறைவு, காரணம் தெரியவில்லை. பிறகு சுவர். எட்டடி. நீளம் அறுபத்திரண்டு குடை. கதவு ஒண்ணு, சின்னது."

"ரோஜாச் செடி," என்றார் ரசீதுக்காரர், கண்ணைத் திறக்காமல். "அந்த ஒரு நடை ரோஜாச் செடிக்குள்ள இருக்கு. மறைக்கணும்னு இல்லைங்க. பிரிக்க முடியலை."

குடைக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டு அதையும் பொறுப்பாக எழுதிக்கொண்டார். ரசீதுக்காரர் இரண்டு கைகளையும் சேர்த்து மேசைமேல் நீட்டினார், விலங்கு மாட்டத் தோதாக. குடைக்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு அவற்றைத் தன் இரண்டு கைகளாலும் மரியாதையாகப் பற்றிக்கொண்டார்.

"ரசீதண்ணன் சட்டம் பாக்காம ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டாருன்னுதான் அக்கரையில நாங்க ஒன்பது பட்டறைக்காரங்களும் நீங்க செஞ்சதை அப்படியே பாத்துச் செஞ்சுட்டு வர்றோம்ண்ணே, ஆனா சுவர் கட்டினதுலேர்ந்து யாருக்கும் லாரி உள்ள வரமாட்டேங்குது, அடுத்து சட்டப்படி என்ன செய்யணும்?"